மீட்போரின் மனவடு: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து நடுப்பகுதியில் ஓரிரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தையிலே தீ மூண்டது. போரினால் ஒருமுறை அனைத்தையும் இழந்து, மீளக் குடியேறிய பின் கடன்பட்டும் நகைகளை அடகு வைத்தும் வணிகர் கட்டியெழுப்பிய கடைகள் பல அவ்வோர் இரவிலேயே சாம்பலாயின. அந்நாளில் அம்மாவட்டத்துக்கென ஒரு தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. அறுபது கிலோமீற்றருக்கும் அப்பால், யாழ்ப்பாணத்திலிருந்தே தீயணைப்பு வண்டி வரவேண்டியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் தீ தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டது. இவ்விழப்பின் பின்னரே கரைச்சிப் பிரதேச சபையின்கீழ் ஒரு தீயணைப்புப் பிரிவு அமைவதாயிற்று.

ஊருக்கு ஒரு தீயணைப்பு வண்டி வேண்டும் என்பதை உணர்த்த ஒரு சந்தை எரியவேண்டியிருந்தது. அவ்வண்டியில் ஏறிச் செல்லும் மனிதனுக்கு என்ன வேண்டும் என்னும் வினாவோ இன்னும் பரவலாக எழுப்பப்படவில்லை. வண்டியின் விலையும் நீர்த்தாங்கியின் கொள்ளளவும் கணக்கிற்கு அகப்படுவன. எரிந்த உடலைத் தூக்கி வந்தவன் அன்றிரவு எவ்வாறு உறங்கினான் என்பது எந்தக் கணக்கிற்கும் அகப்படுவதில்லை. அழிவின் நடுவே நின்று பிறரை மீட்பதையே தொழிலாகக் கொண்டோரின் உள்ளத்தில் அத்தொழில் விட்டுச்செல்லும் வடுவையும், அவ்வடு சிலரைத் தற்கொலை வரை இட்டுச்செல்லும் அபாயத்தையும் உலகம் எவ்வாறு அறிந்துகொண்டது என்பதை முதலில் நோக்கி, அவ்வறிவின் ஒளியில் வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலிற் காயமின்றி உள்ளத்திற் காயமுண்டாகலாம் என்ற கருத்து மருத்துவ உலகில் எளிதாக இடம்பெற்றுவிடவில்லை. 1866ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் எரிக்சன், புகையிரத விபத்துகளில் உயிர்தப்பியோரிடம் காணப்பட்ட நடுக்கம், உறக்கமின்மை முதலியவற்றைப் பற்றி எழுதியபோது, முள்ளந்தண்டிலுண்டான அதிர்ச்சியே அவற்றுக்குக் காரணம் எனக் கருதினார். முதலாம் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டில், சார்ள்ஸ் மையர்ஸ் எறிகணை அதிர்ச்சி பற்றி எழுதினார். அந்நோய்க்கு ஆட்பட்ட போர்வீரர் பலர் கோழைகள் எனப் பழிக்கப்பட்டனர். 1942ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பொஸ்டன் நகரின் கொக்கனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். தப்பியோரையும் மாண்டோரின் உறவினரையும் ஆராய்ந்த எரிக் லிண்டமன் 1944இல் வெளியிட்ட கட்டுரை, துயரம் பற்றிய நவீன ஆய்வுகளுக்கு வித்திட்டது. இறுதியாக, 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பகுப்பு நூல் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைத் தனியொரு நோயாக ஏற்றுக்கொண்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் நிலை இதற்குப் பெருங் காரணமாயிற்று.

இவ்வரலாற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. நோயாளியாக முதலில் ஏற்கப்பட்டோர் விபத்துக்குள்ளானோரும் போர்வீரருமே. மீட்கச் சென்றோர் நெடுங்காலம் கணக்கில் எடுக்கப்படவில்லை. காப்பவன் உறுதியானவன், அவனுக்குக் காப்புத் தேவையில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம் எனலாம்.

இந்நிலையை மாற்றிய ஆய்வுகளுள் முதன்மையானது அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள், சாம்பற் புதன் தினத்தன்று, விக்ரோறியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய மாநிலங்களில் மூண்ட காட்டுத்தீயில் 75 பேர் உயிரிழந்தனர். தீயணைக்கச் சென்ற தொண்டர்களும் அவர்களுள் அடங்குவர். அலெக்சாந்தர் மக்பார்லன் என்னும் உளமருத்துவர், தீயணைப்பிலீடுபட்ட 469 தொண்டர்களைத் தெரிந்தெடுத்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். உளநோயின் அறிகுறிகள் எல்லோரிடமும் தீ அணைந்த உடனேயே தோன்றவில்லை, சிலரிடம் பல மாதங்கள் கழித்தே வெளிப்பட்டன என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. கண்ட கொடுமையின் அளவு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பது மற்றொன்று. முன்னைய உளத்தாக்கங்களும், கண்டதை நினையாதிருக்க ஒருவர் படும்பாடும் நோயை வளர்க்கக்கூடியன.

இதன் பின்னர் இத்துறையில் ஆய்வுகள் பெருகின. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் நியூயோர்க் நகரின் வணிகக் கோபுரங்கள் வீழ்ந்தபோது அந்நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் ஒரே நாளில் மாண்டமை உலகின் கவனத்தை இத்தொழிலாளர் மீது திருப்பியது. 2013இல் வெளிவந்த அமெரிக்க நோய்ப்பகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பு, மனித உடற்கூறுகளைச் சேகரிக்கும் முதலுதவியாளர் போன்றோர் தொழில் காரணமாக மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் கொடுமைகளையும் மனவடுவுக்கான காரணங்களுள் வெளிப்படையாகச் சேர்த்தது. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பாளர் 1,027 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 46.8 சதவீதத்தினர் தம் பணிக்காலத்தில் ஒரு முறையேனும் தற்கொலை எண்ணம் தோன்றியதாகக் கூறினர். தாமாக முன்வந்து விடையளித்தோரிடம் பெறப்பட்டதாகலின் இவ்விகிதம் அந்நாட்டுத் தீயணைப்பாளர் அனைவருக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறாகும். எனினும் நெடுங்காலம் மூடிக்கிடந்த ஒன்றை அது வெளிக்கொணர்ந்தது என்பதில் ஐயமில்லை.

இனி வன்னியை நோக்குவோம். காடும் குளமும் வயலுமாகப் பரந்த இப்பெருநிலத்தில், அண்மைக் காலம் வரை, நகரங்களில் உள்ளதுபோன்ற தீயணைப்புப் படையோ முறையான அவசர மீட்புச் சேவையோ இருந்ததில்லை. ஆயினும் மீட்புப் பணி இங்கு மிக அதிகமாகவே வேண்டப்பட்டது. வைத்தியரும் தாதியரும், மருந்தாளரும் சிற்றூழியரும், அம்புலன்ஸ் சாரதிகளும், கிராம அலுவலரும், ஆசிரியரும், பெயரற்ற தொண்டர்களுமே அப்பணியைச் சுமந்தனர்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கடலோரத்திலும் பனைகளுக்கிடையிலும் நீரேரியிலும் சிதறிக்கிடந்த உடல்களைத் தேடியெடுத்து அடையாளங் கண்டு அடக்கஞ்செய்யும் பணி பல நாட்கள் நடைபெற்றது. அதில் ஈடுபட்டோர் அதற்கெனப் பயிற்றப்பட்டவரல்லர். முன்னாள் வரை அவர்கள் மீன்பிடிப்போர், சாரதிகள், மாணவர்கள். ஊர் அழுதது, அலைகொண்டு சென்றவர்களுக்காக. அவர்களைச் சுமந்து வந்த கைகளுக்காக அழ எவருக்கும் நேரமிருக்கவில்லை.

நான்காண்டுகளின் பின் நேர்ந்தது அதனினும் கொடியது. 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனப் பணியாளரும் பெரும்பாலான தொண்டு நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேறவேண்டியதாயிற்று. உள்ளூர் அரச சுகாதார ஊழியர் அங்கேயே நின்றனர். கிளிநொச்சிப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் தங்கமுத்து சத்தியமூர்த்தி, முல்லைத்தீவுப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் துரைராஜா வரதராஜா, வைத்தியர் வீ. சண்முகராஜா முதலியோரும் அவர்களோடிருந்த ஊழியரும் வைத்தியசாலையைச் சுமந்துகொண்டு மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தனர் என்றே சொல்லவேண்டும். 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என வைத்தியசாலை பெயர்ந்துகொண்டேயிருந்தது. பாடசாலைக் கட்டடங்கள் விடுதிகளாயின, தறப்பாள்கள் கூரைகளாயின. பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் பலமுறை வீழ்ந்தன. பெப்ரவரி 10ஆம் நாள் முதல் மே 9ஆம் நாள் வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினர் காயப்பட்டோர், நோயுற்றோர், உடன்சென்றோர் ஆகிய ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பல் வழியாக வெளியேற்றினர். அக்குழுவின் பணியாளரே மூவர் அம்மாதங்களில் உயிரிழந்தனர்.

மருந்தின்மையின் கொடுமையை 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை விவரிக்கின்றது. மயக்கமருந்து போதாமற் சத்திரசிகிச்சைகள் நடந்தன. குருதி இல்லாதவிடத்துக் காயப்பட்டவரின் குருதியையே துணியில் வடித்து மீண்டும் அவருக்கேற்றினர். யாரைக் காப்பாற்றலாம், யாரை விட்டுவிட வேண்டும் என்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் பலமுறை தீர்மானிக்கவேண்டியிருந்தது. தொழிலால் உண்டாகும் மனவடுக்களுள் இதுவே மிக ஆழமானது எனலாம். கண்டது வடுவாவது ஒன்று. மருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அறிந்துகொண்டே ஒருவரைக் கைவிட்டமை வடுவாவது வேறொன்று. முன்னதில் அச்சமே மேலோங்கி நிற்கும். பின்னதிலோ குற்றவுணர்வு மேலோங்கும். அது குற்றமற்றவரையே கூடுதலாக வருத்துவது.

இங்கேதான் உலக ஆய்வுகள் கூறும் தீயணைப்பாளனுக்கும் வன்னியின் மீட்புப் பணியாளனுக்குமிடையேயுள்ள பெருவேறுபாடு புலனாகின்றது. தீயணைப்பாளன் தன் நிலையத்திலிருந்து புறப்பட்டுப் பிறர் வீட்டுத் தீயை அணைத்துவிட்டுத் திரும்புகின்றான். அவனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடுண்டு, முறை மாறும் நேரமுண்டு, சம்பளப் பட்டியலில் ஒரு பெயருண்டு. வன்னியின் தாதியோ தன் பிள்ளைகளைப் பதுங்குகுழியில் விட்டுவிட்டுப் பணிக்கு வந்தாள். அடுத்து இறக்கப்படும் காயக்காரர் தன் கணவனாகவோ தம்பியாகவோ இருக்கலாம் என்ற அச்சத்தோடே உழவு இயந்திரப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். எரிகின்ற வீட்டினுள் இருந்துகொண்டே தீயை அணைத்தவர்கள் இவர்கள். பாதிக்கப்பட்டவர் வேறு, மீட்பவர் வேறு என்னும் பிரிப்பு இந்நிலத்தில் பொருந்தாது. ஆகவே தொழில்வழி மனவடு பற்றிய கோட்பாடுகளை வன்னிக்குப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இத்துறையில் ஈழத்தமிழர் வாழ்வை ஆராய்ந்தோருள் தலையாயவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆவர். மனவடு என்னும் சொல்லைத் தமிழ்வாசகரிடையே நிலைபெறச் செய்ததில் அவருக்கும் அவரது குழுவினருக்கும் பெரும்பங்குண்டு. வன்னிப் பேரழிவு பற்றி 2010இல் அவர் வெளியிட்ட ஆய்வு, அங்கு காயமுற்றது தனிமனிதர் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்த கூட்டு வாழ்வே காயமுற்றது என வற்புறுத்தியது. பிற்காலத்தில் அவர் மக்பார்லன் பணியாற்றிய அடிலெய்ட் பல்கலைக்கழகத்தோடும் தொடர்புற்றார். தென் அவுஸ்திரேலியக் காட்டுத்தீயிலிருந்து எழுந்த அறிவும் வன்னிப் போர்த்தீயிலிருந்து எழுந்த அறிவும் ஒரே நகரில் சந்தித்தமை வரலாற்றின் ஒரு தற்செயல்.

தற்கொலை பற்றிய வரலாற்றுண்மை ஒன்று இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. பிரான்சிய சமூகவியலாளர் எமில் டுர்கைம் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், போர்க்காலங்களில் தற்கொலை குறைகின்றது எனக் காட்டினார். பொது ஆபத்து மக்களை ஒன்றிணைப்பதே அதற்குக் காரணம் என்பது அவர் முடிபு. சோமசுந்தரமும் ராஜதுரையும் 1995இல் வெளியிட்ட ஆய்வு யாழ்ப்பாணத்திலும் இவ்வாறே போர் உக்கிரமடைந்த காலத்தில் தற்கொலை வீதம் வீழ்ந்தமையைக் காட்டியது. எனவே அபாயம் மிகுந்த காலம் போர் நிகழும் காலமன்று, அதன்பின் வரும் அமைதிக் காலமே என்று எண்ண இடமுண்டு. மக்பார்லன் தீயணைப்பாளரிடம் கண்ட தாமதித்த வெளிப்பாடும் இதனோடு ஒத்துச் செல்வதாகும். கடமை இருக்கும்வரை மனிதன் நிமிர்ந்து நிற்கின்றான். கடமை முடிந்து, கூட்டம் கலைந்து, தனித்திருக்கும்போதே கண்டவையெல்லாம் திரும்பி வருகின்றன.

அந்த அமைதிக் காலத்தில் வன்னிப் பணியாளருக்குக் கிடைத்தது என்ன? போர் முடிவுற்றதும் மேற்குறித்த வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். 2009 ஜூலை 8ஆம் நாள் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டபோது, போர்க்காலத்தில் தாம் கூறிய இழப்பு விவரங்கள் மிகையானவை என்றனர். ஓகஸ்டில் பிணையில் விடப்பட்டனர். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய வரதராஜா, அக்கூற்று நெருக்கடியின்கீழ்ச் சொல்லப்பட்டதெனத் தெரிவித்தார். அரசியல் வாதங்கள் ஒருபுறமிருக்க, உளநல நோக்கில் இதன் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். கண்டதைக் கண்டவாறு சொல்லுதல் ஆறுதலின் முதற்படி. கண்டதைச் சொல்ல முடியாதவர்களாக மீட்புப் பணியாளர் ஆக்கப்படும்போது வடு உள்நோக்கியே வளர்கின்றது.

ஏனையோர் நிலையும் இத்தகையதே. இடம்பெயர்ந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களோடு அவர்களும் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே ஆகும். வட மாகாணத்தில் உளசமூகப் பணிகளை மேற்கொள்ள முன்வந்த நிறுவனங்களுக்குப் போருக்குப் பின் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியின் அனுமதி எளிதிற் கிட்டவில்லை. வீடு கட்டலாம், வீதி போடலாம், மனம் விட்டுக் கதைப்பதற்கு வழி செய்வது மட்டும் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. போர்க்காலத்தில் பணிபுரிந்த சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கோரிப் பின்னாளில் வீதியில் நின்றமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. செய்த பணியை எவரும் பணியென ஏற்காதபோது அப்பணியால் உண்டான நோயை யார் நோயென ஏற்பர்?

வைத்தியசாலைக்கு வெளியேயும் இத்தகையோர் உளர். வன்னிப் பாடசாலைகளில் உளவளத்துணை ஆசிரியர்களாகப் பயிற்றப்பட்டோர், 2002ஆம் ஆண்டில் 420 மாணவரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றுக்குத் துணைநின்றனர். அம்மாணவருள் 92 சதவீதத்தினர் கொடிய அனுபவங்களுக்கு உள்ளாகியிருந்தனர், நால்வருள் ஒருவரிடம் மனவடு நோய் காணப்பட்டது. அக்கதைகளைக் கேட்டு எழுதிய ஆசிரியரும் அதே குண்டுவீச்சுக்குள் வாழ்ந்தவர்களே. போருக்குப் பின் முகமாலை முதலிய இடங்களில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிளறிக் கண்ணிவெடி அகற்றுவோருள் கணவரை இழந்த பெண்கள் பலர். 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தமையைப் போற்றுகின்றோம். அவ்வுடன்படிக்கையை நிலத்தில் நிறைவேற்றும் கைகள் யாருடையவை என்பதையும் நினைத்தல் வேண்டும்.

தற்கொலை தடுக்க முடியாத விதியன்று என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிருந்தது. கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் பத்தாண்டுகளுக்குள் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. 1998ஆம் ஆண்டில் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவும் நீக்கப்பட்டது. அதுவரை, உயிர்பிழைத்தவன் வைத்தியரிடம் உண்மை சொல்லவே அஞ்சினான். சட்டம் அவ்வச்சத்தை நீக்கியது, ஊரின் சொல் இன்னும் நீக்கவில்லை. உளநலப் பிரிவுக்குச் சென்றவனை விசரன் என்னும் வாய் மூடாதவரை, உறங்க முடியாத சாரதி அங்கே செல்வதற்குப் பதிலாகக் கசிப்பை நாடுவதில் வியப்பில்லை.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பெருந்துயர் நிகழ்ந்த உடனேயே பணியாளரை ஒன்றுகூட்டி ஒரே அமர்விற் பேசவைத்தால் வடு தோன்றாது என 1980களில் அமெரிக்காவில் ஜெப்ரி மிச்செல் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. தீயணைப்புப் பணியை நேரில் அறிந்தவரே அதனை வகுத்தார். ஆனால் 2002ஆம் ஆண்டில் தொகுத்தாராய்ந்தபோது, அவ்வொற்றை அமர்வு மனவடு நோயைத் தடுப்பதாகக் காணப்படவில்லை. கட்டாயப்படுத்திப் பேசவைத்தல் சிலருக்குத் தீங்காகவும் முடியலாம். இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. ஒரு நாட் சடங்கு போதாது, நெடுநாள் உடனிருத்தலே வேண்டும். ஓய்வு, முறைமாற்றம், பணிக்கு ஏற்பும் ஊதியமும், உடன்பணியாளரின் துணை, தேவைப்படும்போது பழிச்சொல்லின்றி அணுகத்தக்க உளமருத்துவ உதவி ஆகியன அவ்வுடனிருத்தலின் உறுப்புகள். தேசிய உளநல உதவிச் சேவையின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் அம்புலன்ஸ் வண்டியிலும் எழுதப்பட்டிருத்தல் மிகச் சிறிய செயல், ஆயினும் தொடங்குவதற்கு ஏற்ற செயல்.

தமிழர் மரபிலும் இதற்கு வழிகள் உண்டு. எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத்திவசம் எனத் துயரத்தைக் காலத்தோடு பகுத்துக் கரைக்கும் முறையை முன்னோர் வகுத்துச் சென்றனர். சாவீட்டில் எவரும் தனித்து விடப்படுவதில்லை. ஆனால் அம்மரபு இறந்தவரின் உறவினரையே துக்கத்துக்குரியவராக ஏற்கின்றது. பெயர் தெரியாத நூறு பேரைத் தன் கையாற் புதைத்தவனுக்கு எந்த நாளில் அந்தியேட்டி? அவன் துக்கங் காத்து முடிப்பதற்கு ஊரில் இடமேதுமில்லை. அவ்விடத்தை ஆக்கிக் கொடுத்தல் மருத்துவரின் கடமை மட்டுமன்று. அது கோவிலின், தேவாலயத்தின், வாசிகசாலையின், சனசமூக நிலையத்தின் கடமையுமாகும்.

கரைச்சிப் பிரதேச சபையின் தீயணைப்புப் பிரிவிலே இன்று பணிபுரியும் இளைஞர், 2009ஆம் ஆண்டில் சிறுவராயிருந்த தலைமுறையினர். வன்னியில் வளர்ந்த அத்தலைமுறை சீருடை அணியுமுன்னரே தீயைக் கண்டுவிட்டது. முன்னைய உளத்தாக்கங்கள் பின்னைய வடுவை வளர்க்கும் என்ற மக்பார்லனின் முடிவு இவ்விளைஞரைப் பொறுத்தவரை ஏட்டளவிலான செய்தியன்று. சந்தை எரிந்த பின்னரே தீயணைப்பு வண்டி வாங்கிய சமூகம், அவ்வண்டியில் ஏறுவோரின் உள்ளத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கும் இன்னோர் இழப்பை எதிர்பார்த்திருத்தல் தகாது. மீட்டவரை மீட்பது மீட்கப்பட்டவர்களின் கடன்.